அடுத்த அறைக்குப் போன மின்னஞ்சல்

நிருவாகக் கிளைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் போன கிழமை மருதமுனையில் என் வீடு தேடி வந்தீர்கள். சுற்றுநிருபம் எழுதுவது எப்படி, கூட்டக் குறிப்பு எழுதுவது எப்படி என்று கேட்டீர்கள். அதற்கெல்லாம் கைநூல் இருக்கிறது. ஓரிரு மாதத்தில் கை தானாகப் பழகிவிடும். ஓய்வுபெற்றுப் போன ஒருத்தியிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. எப்போது எழுத வேண்டும், எப்போது எழுந்து போய்க் கதைக்க வேண்டும் என்பதைக் கேட்டிருக்கலாம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அன்றைக்குத் தேத்தண்ணியோடு சொல்லி முடிக்க நேரம் போதவில்லை.

நான் உதவிப் பதிவாளராக இருந்த பல்கலைக்கழகப் பீடத்தில் கலாநிதி சுகந்தி என்று ஒரு துறைத்தலைவர் இருந்தார். கல்முனைக்காரர். கடலோரக் களப்பில் மீன் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்து, அந்தக் களப்பு மீனையே ஆராய்ந்து பட்டம் பெற்றவர். அவருடைய ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஜெமீல், நிந்தவூரைச் சேர்ந்தவர். சுகந்தி விரிவுரையாளராக வந்த புதிதில் அந்த ஆய்வுகூடம் வெறும் நாலு சுவர்தான். மேசை வந்து சேரும்வரை பழைய கதவொன்றைச் செங்கல்லின்மேல் கிடத்தி வேலை செய்த கதையை ஜெமீல் ஒவ்வொரு புதிய மாணவர் தொகுதிக்கும் சொல்வார். "அது கதவில்ல ஜெமீல், யன்னல்" என்று சுகந்தி ஒவ்வொரு முறையும் திருத்துவார்.

இருவருடைய அறைகளுக்கும் நடுவில் ஒரு சுவர் மட்டும்தான். நாள் தவறாமல் வாக்குவாதப்படுவார்கள். நுணுக்குக்காட்டியை எங்கே வைப்பது, எந்த மாணவன் கண்ணாடிக் குழாயை உடைத்தான், யார் யாருக்குச் சொல்லாமல் விட்டார்கள். நடைபாதையின் மறுகோடியில் இருந்த என் அறைவரைக்கும் சத்தம் வரும். புதிதாக வருகிறவர்கள் ஏதோ பகை என்று நினைப்பார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் பீடம் ஒழுங்காக நடக்கிறது என்று மனம் நிம்மதியாகும்.

அந்த வருடம் எங்களுக்குப் புதிய பீடாதிபதி வந்தார். கண்டிப் பக்கத்து மனிதர். நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிழையெல்லாம் அவர் தலையில் போய்விடும். முன்பு வேலை செய்த இடத்தில் மேலதிகாரி ஒருவருடைய வாய்ச்சொல்லை நம்பி ஒரு காரியம் செய்து, பிறகு அந்த மேலதிகாரி நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கையை விரிக்க, விசாரணை விசாரணையென்று அலைந்தவர். அந்த வலியோடு வந்தவர் முதல் மாதமே ஒரு சுற்றுநிருபம் விட்டார். இனி எல்லாக் கோரிக்கையும் எழுத்தில், ஆங்கிலத்தில், பீடாதிபதி அலுவலகத்துக்குப் பிரதியோடு. துறைத்தலைவர்களைச் சந்திக்க முன்கூட்டியே நேரம் கேட்க வேண்டும். விடுமுறை நாளில் வளாகத்துக்குள் வருவதென்றால் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

ஒழுங்கை விரும்பித்தான் செய்தார். ஆனால் சில மாதங்களுக்குள் எங்கள் நடைபாதை ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாகிவிட்டது. கதவுகள் சாத்திக்கொண்டன. தேநீர் அறையில் முன்பு மேசையை இழுத்துப் போட்டுச் சேர்ந்திருந்தவர்கள் இப்போது இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மின்னஞ்சல் வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் யார் யாருக்குப் பிரதி போயிருக்கிறது என்றுதான் பார்த்தார்கள். மின்குமிழ் எரியவில்லை என்ற முறைப்பாட்டுக்குக்கூடப் பிரதி பீடாதிபதிக்குப் போனது. மின்குமிழ் மாற்றும் மனிதர், தன்னைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெமீல் தமிழில் படித்தவர். இயந்திரங்களின் ஆங்கிலக் கைநூல்களை வாசித்துப் பிரித்து மேய்வார். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதுவதென்றால் வியர்த்துவிடும். ஒருநாள் எதையோ கேட்பதற்காக வழக்கம்போலச் சுகந்தியின் கதவைத் தட்டியிருக்கிறார். அந்த நேரம் சுகந்தி, பிரதி போட வேண்டிய ஏதோ ஒரு மின்னஞ்சலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "முதல்ல மெயில் போடுங்க ஜெமீல்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். ஜெமீல் திரும்பிப் போனார். அதன்பிறகு அவர் அந்தக் கதவைத் தட்டவே இல்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, காற்றும் மழையும் வரப்போகிறது என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆய்வுகூடத்தின் டீப் பிரீசரில் இறுதியாண்டு மாணவர்கள் மாதக்கணக்காகக் களப்பில் சேர்த்த மீன், இறால், சேற்று மாதிரிகள் இருந்தன. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தானாக இயங்க வேண்டும். அன்று ஜெமீல் சோதித்துப் பார்க்க, அது இயங்கவில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர், சுகந்திக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். சுகந்தி அப்போது மட்டக்களப்பில் ஒரு கலியாண வீட்டில். போனில் அதை வாசித்தார். அந்த ஆங்கிலத்தை அப்படியே தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ஜெனரேட்டர் பழுது. மாதிரிகளை மற்ற வளாகத்துக்குக் கொண்டுபோக முடியும். பிரீசர் உங்களுடைய பொறுப்பு. நான் எதுவும் செய்யப்போவதில்லை."

கலியாண வீட்டுச் சத்தத்துக்கு நடுவில் சுகந்திக்கு முகத்தில் அறைந்தது போலிருந்திருக்கிறது. ஒரேயொரு ஆங்கிலச் சொல்லில், குறித்துக்கொண்டேன் என்ற அர்த்தத்தில், பதில் போட்டார்: "நோட்டட்." பிறகு ஜெனரேட்டரைப் பார்க்கும்படி பராமரிப்புப் பகுதிக்கு ஒரு மின்னஞ்சல். வெள்ளிக்கிழமை பின்னேரம் அதைத் திறந்து பார்க்க அங்கே யாரும் இருக்கவில்லை.

அன்றிரவு அடித்த காற்றில் மரங்கள் விழுந்து மின்கம்பிகள் அறுந்தன. திங்கட்கிழமை காலை நான் ஸ்கூட்டியில் வந்து இறங்கும்போதே நாற்றம் வாசலுக்கு வந்துவிட்டது. பிரீசருக்குள் இருந்தது எல்லாம் அழுகிப்போயிருந்தது. மாணவர்கள் நடைபாதையில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். நான் என் அறைக்குப் போய்க் கணினியைத் திறந்தால் சுகந்தியின் மின்னஞ்சல் கிடக்கிறது. ஜெமீல் கடமையைச் செய்ய மறுத்துவிட்டார் என்று பீடாதிபதிக்கு முறைப்பாடு. பிரதி முழுப் பீடத்துக்கும்.

பத்து மணிக்குள் ஊழியர் சங்கம் கூடிவிட்டது. ஜெமீலுக்கு எதிராகக் கடிதம் போனால் அடுத்த நாள் முதல் வேலைநிறுத்தம் என்றார்கள். அந்தக் கிழமைதான் பரீட்சை தொடங்குகிறது. பீடாதிபதி என்னைக் கூப்பிட்டார்.

"விளக்கம் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்க. பதில் சரியில்லாட்டி பணி இடைநிறுத்தம் எண்டும் போடுங்க. நான் பின்னேரம் கொழும்புக்குப் போறேன். அதுக்கு முந்திக் கையெழுத்து வைக்கணும்."

முறைப்பாட்டோடு சுகந்தி இணைத்திருந்த ஜெமீலின் மின்னஞ்சலை நான் அதற்குள் பலமுறை வாசித்துவிட்டேன். அதன் கடைசி வசனத்தை எங்கேயோ கேட்டது போல எனக்கு ஒரு உறுத்தல். எங்கே என்று பிடிபடவில்லை.

"எழுதுறன் சேர். எழுத முதல் ரெண்டு பேரோடயும் ஒருக்கா கதைச்சிட்டு வாறன்."

"கதைக்க என்ன இருக்கு? எல்லாம் மெயில்ல இருக்குதானே."

"எல்லாம் மெயில்ல இருந்திருந்தா பிரீசர் ஏன் சேர் இப்பிடிப் போகுது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பதவி உயர்வு நேர்முகம் வர இருந்த நேரம் அது. அவர்தான் பரிந்துரைக்க வேண்டும். வாயைக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "பின்னேரம் வரைக்கும்தான்" என்றார்.

பிள்ளைகளே, அப்படியான நேரத்தில் உங்கள் கை தட்டச்சுப் பலகைக்குத்தான் போகும். கடிதம் எழுதிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது, மிச்சம் மற்றவர்கள் பாடு. நானும் ஒரு தரம் கணினிப் பக்கம் திரும்பினேன். பிறகு எழும்பிச் சுகந்தியின் அறைக்குப் போனேன்.

அவர் கண்கள் சிவந்திருந்தன. "எனக்கு மீன் பழுதாப்போனது கூட ரெண்டாவது அக்கா. 'நான் ஒண்டும் செய்யமாட்டன்' எண்டு எழுதினாரே. இத்தன வருசத்துக்குப் பிறகு அவர் என்னப் பார்த்து அப்பிடி எழுதுவார் எண்டு நான் கனவிலயும் நினைக்கல்ல."

"இங்கிலீசில வாசிச்சா எனக்கும் கோவம் வருது சுகந்தி. அத ஜெமீல்ர வாயால தமிழில ஒருக்காச் சொல்லிப்பாருங்க."

"என்னக்கா விளையாடுறீங்களா?"

"ஒருக்காச் சொல்லுங்களன்."

விருப்பமில்லாமல்தான் தொடங்கினார். "மெடம், ஜெனரேட்டர் பழுது. சாமானக் கொண்டு போக ஏலும். பிரீசர் உங்கட பொறுப்பு. நான் ஒண்டும் செய்யல்ல..."

கடைசிச் சொல்லில் குரல் நின்றுவிட்டது. எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது. ஜெமீல் நாளாந்தம் சொல்கிற வசனம் அது. ஒரு குழாயை மாற்றுவதானாலும் கதவில் தலையை நீட்டி, "உங்கட பொறுப்பு மெடம், நீங்க சொல்லாம நான் ஒண்டும் செய்யல்ல" என்பார். நீங்கள் ஓம் என்று சொல்லுங்கள், செய்து தருகிறேன் என்பதுதான் அதன் பொருள். அதைத்தான் அந்த மனிதர் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி, நடுவிலிருந்த 'நீங்க சொல்லாம' என்ற துண்டைத் தவறவிட்டிருக்கிறார்.

சுகந்தி கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழும்பி என்னைக்கூடப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

ஜெமீல் மோட்டார் சைக்கிள் தரிப்பிடத்தில் சங்கத்துக்காரர்களுக்கு நடுவில் நின்றார். சுகந்தி வருவதைக் கண்டதும் பேச்சுகள் அடங்கின. சிலர் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானார்கள். நான் அவர்களைப் பார்த்து, "அத சட்டைப்பைக்க வைங்க" என்றேன். வைத்தார்கள்.

"ஜெமீல், வெள்ளிக்கிழம என்ன சொல்ல வந்தீங்க?"

"எழுதினதுதான் மெடம். நீங்க ஓம் எண்டா நான் அண்டைக்கே கொண்டுபோய் வச்சிருப்பன். உங்கட பிள்ளையளுட சாமான், நீங்க சொல்லாம நான் எப்பிடித் தொடுற?"

"ஒரு போன் எடுத்திருக்கலாமே."

"எழுத்தில மட்டும் எண்டு சொல்லியாச்சு. நீங்களும் மெயில் போடச் சொல்லித்தானே கதவச் சாத்தின." அவர் குரலில் கோபம் இருக்கவில்லை, அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "நோட்டட் எண்டு பதில் வந்துது. அது செய் எண்டா, செய்யாத எண்டா? எனக்கு விளங்கல்ல. மகளிட்டக் கேட்டன். கோவமா இரிக்கிற ஆக்கள்தான் வாப்பா அப்பிடி எழுதுவாங்க எண்டு சொல்லிட்டா. மறுகா நான் என்னத்தக் கேக்கிற?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சுகந்தியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, உதடு சிரித்தது.

"சனிக்கிழம மனம் கேக்கல்ல மெடம். மழைக்க கம்பஸ் கேட்டடிக்கு வந்தன். உள்ளுக்கு விட எழுத்தில அனுமதி வேணும் எண்டார் காவலாளி. உங்கட நோட்டட்டக் காட்டினன். அவரும் கன நேரம் பார்த்தார். இத வச்சு விடவும் ஏலா, விடாம இரிக்கவும் ஏலா எண்டார். திரும்பிப் போயிட்டன்."

இந்தத் தரம் சங்கத் தலைவரே சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப ராத்தா, கடிதம் வராதுதானே?" என்றார்.

நெருக்கடியில் இருப்பவர்களுக்கு அந்த இடத்தில் இனிப்பாக ஏதாவது சொல்லத் தோன்றும். வராது என்று சொல்லியிருந்தால் அவர்கள் அப்போதே கலைந்திருப்பார்கள். ஆனால் அது என் கையில் இல்லை. "எனக்குத் தெரியாது. இப்பப் பீடாதிபதிட்டப் போறன். நான் வந்து சொல்ற வரைக்கும் நாளையப் பத்தி ஒருத்தரும் முடிவெடுக்காதீங்க" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னபடியால்தான், பிறகு நான் சொன்னதை அவர்கள் நம்பினார்கள்.

நேரம் கேட்காமல் மூன்று பேரும் பீடாதிபதியின் அறைக்குள் போனோம். சுகந்தியே எல்லாவற்றையும் சொன்னார். தான் கதவைச் சாத்தியதையும் விடவில்லை. பீடாதிபதி பயணப் பையின் பிடியில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுத்தில இல்லாட்டி நாளைக்கு ஆள் மாறிக் கதைச்சா என்ன செய்ற? நான் அனுபவப்பட்டவன்" என்றார் கடைசியில். பிடிவாதமாக இல்லை, ஏதோ கெஞ்சுவது போல.

"எழுதத்தான் வேணும் சேர்" என்றேன். "கதைச்சிட்டு எழுதுவம். கதைச்சதையே எழுதுவம். கதைக்காம எழுதினா இப்பிடித்தான், நாங்க நாலு பேரும் தமிழ் கதைக்கிற ஆக்கள், இங்கிலீசில சண்ட பிடிச்சிட்டு நிக்கிறம்."

அவர் ஜெமீலைப் பார்த்தார். பீடத்துக்கு வந்ததிலிருந்து அவரோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "உங்கள்ட்ட ஒரு வார்த்த கேக்காம நான் கடிதம் எழுதச் சொல்லிட்டேன், ஜெமீல்" என்றார். ஜெமீல், "பரவாயில்ல சேர், முதல்ல அந்த நாத்தத்த ஒழிக்கணும்" என்றார்.

பீடாதிபதி பையை மேசைக்குக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். ஆய்வுகூடத்துக்கு எங்களோடு வந்து, அழுகிய மாதிரிகளைப் பைகளில் கட்டுவதற்கு அவரும் நின்றார். "சேர், உடுப்பில படும்" என்றார் ஜெமீல். "பட்டாக் கழுவலாம்" என்றார் அவர். கொழும்புக்கு அன்று அவர் பிந்தித்தான் புறப்பட்டார். நான் போய்ச் சங்கத்துக்காரர்களுக்குக் கடிதம் இல்லை என்று சொன்னேன். பரீட்சை குறித்தபடி தொடங்கியது.

அந்தச் சுற்றுநிருபத்தை அவர் கிழித்துப் போடவில்லை. நானும் அப்படிக் கேட்கவில்லை. திருத்தினார். முதலில் நேரில் அல்லது தொலைபேசியில் பேசுக, பேசிய மொழியிலேயே சுருக்கமாக எழுதுக, தேவையில்லாதவர்களுக்குப் பிரதி அனுப்பற்க. அந்தத் திருத்தத்தை எழுத்தில் அனுப்பியதோடு விடாமல், ஒவ்வொரு துறைக்கும் தானே நடந்து போய்ச் சொன்னார். போன இடமெல்லாம் தேத்தண்ணி குடிக்க வேண்டி வந்ததில் அவருக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று அவருடைய மனைவி பிறகு என்னிடம் குறைப்பட்டார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் சொன்னால் அது பொய். மற்ற மாணவர்களின் மாதிரிகளை மழை ஓய்ந்ததும் திரும்பச் சேர்க்க முடிந்தது. ஷிபானா என்ற பிள்ளைக்கு மட்டும் வழியில்லை. களப்பில் தண்ணீர் வற்றும் மாதங்களில் எடுத்தவை அவளுடைய மாதிரிகள். திரும்ப எடுக்க அடுத்த கோடை வரை பொறுக்க வேண்டும். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். பட்டத்தை நம்பி அவளுக்கு ஒரு ஆய்வு நிறுவனத்தில் கிடைத்திருந்த வேலையும் கையை விட்டுப் போயிற்று.

பீடாதிபதி அவளுடைய பெற்றோருக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதலாம் என்றார். "கடிதம் வேணாம் சேர், நாங்க போறம்" என்றார் சுகந்தி. ஜெமீல் வாகனம் ஒழுங்கு செய்தார். துணைக்கு நானும் போனேன்.

வரிப்பத்தான்சேனையில் அவர்கள் வீட்டைச் சுற்றி வயலெல்லாம் வெள்ளம் வடிந்து நெற்பயிர் சேற்றில் சாய்ந்து கிடந்தது. ஷிபானாவின் வாப்பா வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு வந்து எங்களுக்கு எதிரே அமர்ந்தார். மகள் முதல் பிள்ளை; அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் அவள்தான். உம்மாவின் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். நடந்ததைச் சுகந்தி சொன்னார். மின்சாரம் போனதை, ஜெனரேட்டரை, ஒரு வருடம் போனதை. புயலின் மேல் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். அங்கே யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

வாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இது ஆருட பிழ?"

"என்ட பிழ" என்றார் சுகந்தி. "என்ட பிழ" என்றார் ஜெமீல். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஜெமீல் மறுபடியும், "இல்ல, மெடத்தில பிழயில்ல, நான் கேட்டிருக்கணும்" என்று தொடங்க, சுகந்தி, "அவர் கேட்டார், நான்தான் கேக்காம விட்டன்" என்றார்.

வாப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏசுவதற்கென்று ஏதோ வைத்திருந்தவர்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர் போலத் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ரெண்டு பேரும் உங்கட பிழ எண்டா நான் ஆர ஏசுற?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நீ என்ன மகள் சொல்ற?" என்று கேட்டார்.

ஷிபானா உம்மாவின் பின்னாலிருந்து வெளியே வந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுகந்தியைப் பார்த்தாள். பிறகு ஜெமீலைப் பார்த்தாள்.

"கோடை வந்த பிறகு வலையும் தோணியும் கேட்டா ஒருத்தரும் தரமாட்டாங்க மெடம். இப்பவே சொல்லி வைக்கணும்" என்றாள். "நான் நாளைக்கு லேபுக்கு வாறன்."